பதினேழாம் எண் சிப்பி

சுவா
21 பிப்ரவரி 1999

அன்புள்ள விலி அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நல்லபடியாகக் கரை சேர்ந்தேன். உன் பல்வலி குறைந்ததா? உன் மாமியாரின் கால் வீக்கம் வடிந்ததா? இசிகேலி அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

படகில் திரும்பும்போது நான்கு பேரில் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஆக்கிப் போட்டதைக் கடலுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வேலை நன்றாக முடிந்தது. பழைய தலைவர் இறந்தபோது உங்கள் ஊர் மீன்பிடித் தடை போட்டதே, அந்தப் பவளத்திட்டில் மொத்தம் அறுபத்து நான்கு பெருஞ்சிப்பி. ஒவ்வொன்றின் ஓட்டிலும் நகம் அளவு அலுமினியத் தகட்டில் எண் போட்டு ஒட்டியிருக்கிறோம். மே மாதமும் ஆகஸ்டிலும் வந்து எண்ணி, அளந்து பார்ப்போம். தடை போட்ட இடத்தில் சிப்பி பெருகுகிறது என்று காட்டிவிட்டால் எனக்குப் பட்டம், உங்கள் திட்டுக்கு நிரந்தரத் தடை. நவம்பரில் கல்லூரி முழுக்க உட்கார்ந்திருக்க, நான் மேடையில் நின்று இதைச் சொல்லவேண்டும். 

பதினேழாம் எண்ணுக்கு உன் பெயர் வைத்திருக்கிறேன். நிழல் பட்டால் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அது மூடுவதே இல்லை.

எங்கள் ஆசிரியர் அசேரி சார் இன்னும் அந்தக் கடைசி நாள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். சிப்பியில் எலுமிச்சை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மிளகாய் கிள்ளிப் போட்டு நீ கொண்டுவந்து வைத்தாயே. தலைவர் எதிரிலேயே அவர், "எங்கம்மா போனதுக்கப்புறம் இத நான் வாயில வெச்சதே இல்ல. இதுக்காகவே திரும்பத் திரும்ப வரணும் போல இருக்கு"ன்னு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அம்மா உங்கள் ஊர்ப் பெண் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பாவம், பத்து வயதுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகாத மனுஷன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தான் ஏன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை? திட்டுக்குக் காவலுக்கு இருப்பவர் என்று கல்லூரியில் தொப்பியெல்லாம் கொடுத்தார்கள். எங்களைப் பிடிக்கவில்லையோ?

நிறைய அன்புடன்,
உன் தங்கை லைசானி

நாவத்துலோவா, கண்டாவு
14 மார்ச் 1999

அன்புள்ள லைசா,

கர்த்தர் துணையில் எல்லோரும் சுகம். உன் இருமல் போய்விட்டதா? சுவாவில் மழை ஓயாதாமே, ஈரத் தலையோடு படுக்காதே. பல்வலி அப்படியேதான் இருக்கிறது. கிராம்பை அடக்கிக்கொண்டு பேத்தை மீன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அத்தான் கேலி செய்கிறார்.

சிப்பிக்கு என் பெயரா? வா, உன் வாயை மூடுகிறேன்.

அத்தானுக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. அன்றைக்கு அவரும் இன்னும் சிலரும் நாள் முழுக்கத் தடைக்கு வெளியே முங்கி முங்கித் தேடி நான்கே சிப்பி கொண்டுவந்தார்கள். களைப்பு, அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கொண்டு தினம் காலையில் திட்டைச் சுற்றித் துடுப்புப் போட்டு வருகிறார். தூங்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார்.

உங்கள் சார் பட்டணத்து ஆள், அவருக்குத் தெரியாது. உனக்குமா மறந்துபோயிற்று? ஊர்ப் பெண்ணின் பிள்ளை, ஊருக்கே மருமான். அவன் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது அவனுடையது. பன்றியானாலும் சரி, பாயானாலும் சரி. தலைவர் இன்னும் "மருமான் வாயத் தொறந்து சொல்லிட்டான்"ன்னு சொல்லிக்கொண்டே இருக்கிறார். தலைவரின் மோட்டார் படகை மட்டும் புகழவேண்டாம் என்று உங்கள் சாரிடம் சொல்லி வை.

மே மாதம் எத்தனை பேர் வருகிறீர்கள்? முன்கூட்டியே எழுது. சரியான எண்ணிக்கை எழுது.

முத்தங்களுடன்,
விலிமைனா

சுவா
18 மே 1999

அன்புள்ள அக்கா,

இறைவன் அருளால் சுகம். மாமியாரின் காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தடவினாயா?

ஏழு பேர் வந்து ஐந்து நாள் உங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டோம். வந்து இறங்கிய அன்று ஒரு விருந்து, கிளம்புகிற அன்று ஒரு விருந்து. இரண்டிலும் சிப்பி. உத்தமர்கள் மாதிரி "போதும், போதும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை வழித்துவிட்டோம். அசேரி சார் சொந்தக்காரர் மாதிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் உன்னிடம் அங்கேயே பேசமுடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உன்னைச் சுற்றி எப்போதும் பத்துப் பெண்கள்.

அறுபத்து நான்கில் ஒன்பதைக் காணவில்லை. செத்திருந்தால் ஓடு கிடக்கும், ஓட்டில் தகடு இருக்கும். இரண்டும் இல்லை. மூன்று நாள் முங்கித் தேடினேன், பற்றியிருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு மட்டும்தான். யாரோ கத்தி போட்டுப் பெயர்த்திருக்கிறார்கள். சார் கொதித்துப்போனார். "ஊரே தடை போட்டு வெச்சிருக்கு, எவனோ ஒருத்தன் உள்ள பூந்து அள்ளிட்டிருக்கான்"ன்னு படகில் வரும் வழியெல்லாம் அதே பேச்சு.

பக்கத்து ஊர்ப் படகு ஏதாவது வருகிறதா? அத்தானிடம் கேட்டேன். கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாரும் வர்றதில்ல" என்று ஒரே வார்த்தை. இந்தத் தடவையும் அவர் சாப்பிட உட்காரவில்லை.

உன் பெயர்க்காரி சுகமாக இருக்கிறாள். ஒரு விரல் அகலம் வளர்ந்திருக்கிறாள்.

உடனே பதில் எழுது.

அன்புடன்,
லைசானி

நாவத்துலோவா
13 ஜூன் 1999

அன்புள்ள லைசா,

கர்த்தர் கிருபையால் சுகம். தைலம் நல்ல தைலம், மாமியார் இப்போது ஜெபக் கூட்டத்துக்குத் தானே நடந்து போகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். எலும்பும் தோலுமாக வந்து நின்றாய்.

இங்கே எழுத என்ன இருக்கிறது? தேவாலயத்துக்குப் புதுப் பாய் பின்னுகிறோம். சேப்பங்கிழங்கு இந்த வருடம் சுமார். பல்லைப் பிடுங்க நர்ஸ் அடுத்த மாதம் வருவாளாம்.

கடலில் இருப்பது குறையும், கூடும். அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தால் தூக்கம் போய்விடும்.

நான் ஒன்று சொல்கிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள். ஆகஸ்டில் நீயும் இன்னும் ஒருவரும் வந்தால் போதாதா? எண்ணுவதற்கு இரண்டு கண் போதும்தானே? அப்படியே கூட்டமாகத்தான் வருவீர்கள் என்றால் டின் மீன் ஒரு பெட்டி கொண்டு வாருங்கள். நாங்கள் சமைக்கிறோம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்களே வாரத்துக்கு நாலு நாள் அதைத்தான் சாப்பிடுகிறோம்.

எத்தனை பேர் என்று எழுது.

விலிமைனா

சுவா
2 ஜூலை 1999

அன்புள்ள அக்கா,

நலம். பல் பிடுங்கியாயிற்றா? அத்தானும் மாமியாரும் சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. மறைத்து என்ன? நாங்கள் உங்களுக்குச் சுமையாகிவிட்டோம் என்று நேராகவே எழுதியிருக்கலாம். காணாமல் போன ஒன்பதைப் பற்றிக் கேட்டேன், நீ பாய் பின்னுவதைப் பற்றி எழுதுகிறாய்.

சாரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"சார், அக்கா எழுதியிருக்கா, இந்தத் தடவ நாமளே டின் மீன் கொண்டுபோயிடலாமா?"

"ஏம்மா, எங்கம்மா பொறந்த ஊருக்கு டின் மீனத் தூக்கிட்டுப் போனா என் மாமனுங்க மூஞ்சில காறித் துப்பமாட்டாங்க? உன் அக்கா என்ன, விளையாடுறாங்களா?"

நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் பதினொரு பேர் வருகிறோம். கல்லூரி முதல்வருக்கு எங்கள் வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து தண்ணீரில் இறங்கி ஆய்வு செய்கிறார்கள் என்று எங்கள் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டியிருக்கிறார். இன்னும் இரண்டு ஆசிரியர்கள் தாங்களும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நான் யார்?

லைசானி

சுவா
30 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

ஜூலையில் எழுதியதற்கு நீ பதிலே போடவில்லை. நாங்கள் ஊருக்கு வந்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுப்படியில் உன் முதுகைத்தான் ஐந்து நாளும் பார்த்தேன். நீ சுகமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன்.

நாற்பத்தொன்று. அவ்வளவுதான் மிச்சம். அறுபத்து நான்கில் இருபத்து மூன்று போய்விட்டன. கடைசி நாள் காலையிலும் முங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். உன் பெயர்க்காரி இருந்தாள். அவளை அளந்து எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்த மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஓடு இல்ல, தகடு இல்ல. வெளியூர்ப் படகும் வர்றதில்லன்னு அந்த ஆளே சொல்றான். அப்ப யாரு?"

"தெரியல சார்."

"நமக்குப் படகு ஓட்டுனவன் சொன்னான். நாம வந்த அன்னிக்கு விடியக்காலையில அந்த இசிகேலி திட்டுக்குள்ள முங்கிட்டு இருந்ததப் பாத்திருக்கான். மே மாசமும் பாத்தானாம். வேலியே பயிர மேயுது, லைசானி. அக்கா புருஷன்னு கண்ண மூடிக்காத."

நான் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். கெட்டவர் இல்லை அக்கா, சத்தியமாக இல்லை. அவர் அம்மா ஊர்த் திட்டு என்பதால்தான் அவ்வளவு கோபம். அக்டோபர் பதினைந்துக்குள் தலைவருக்கு அறிக்கை போகவேண்டும் என்கிறார். காவலை மாற்றவேண்டும், காரணம் இன்னது என்று அதில் இருக்கும். எண்ணியவள் நான் என்பதால் முதல் கையெழுத்து என்னுடையது.

அப்படி ஒரு கடிதம் தலைவர் கையில் போய், ஊர்க் கூட்டத்தில் படிக்கப்பட்டால் அத்தான் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? நீ எப்படி நடப்பாய்? இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை. நான் என்ன நினைக்கட்டும்? அதனால் கேட்டுவிடுகிறேன். அக்கா, அத்தான் எடுத்தாரா?

லைசானி

நாவத்துலோவா
26 செப்டம்பர் 1999

அன்புள்ள லைசானிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். பல் பிடுங்கியாயிற்று.

உன் கடிதம் வந்தபோது என் கையெல்லாம் மாவு. எப்போதும்போல அத்தான்தான் பிரித்து, மாமியாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தார். சார் சொன்னது வரை படித்தார். அதையும் குரல் மாறாமல்தான் படித்தார். உன் கேள்விக்கு முந்திய வரியில் நிறுத்திவிட்டு, மடித்து என்னிடம் கொடுத்தார். மாமியார், "அப்புறம்?" என்று கேட்டாள். "அவ்வளவுதான்மா, சுகமா இருக்காளாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் தொப்பியைக் கொண்டுபோய்த் தலைவர் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். இப்போது திட்டுப் பக்கம் போவதில்லை. தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார்.

எடுத்தாரா என்று கேட்டாய். எடுத்தார். கையெழுத்துப் போடு.

விலிமைனா

சுவா
5 அக்டோபர் 1999

அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இல்லை என்று எழுதுவாய் என்றுதான் கேட்டேன். ஒரே வார்த்தை, இல்லை என்று. அதைச் சாரிடம் காட்டிச் சண்டை போடலாம் என்று இருந்தேன்.

எதற்கு எடுத்தார்? உங்களுக்கு அப்படி என்ன கஷ்டம்? யாருக்குக் கொடுத்தார்? சொல், அக்கா. வெளியூர் வியாபாரியா? கட்டாயப்படுத்தினார்களா? ஒரு பெயர் சொன்னால் போதும், அந்தப் பெயரை எழுதுகிறேன், அத்தான் பெயரை எழுதவில்லை. சாரிடம் கெஞ்சி மாதக் கடைசி வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். "காய்ச்சல்" என்று பொய் சொன்னேன். சொன்னபடியே காய்ச்சலும் வந்துவிட்டது.

நான் அங்கே வரட்டுமா? அடுத்த படகில் வந்துவிடுகிறேன்.

உன் தங்கை,
லைசா

நாவத்துலோவா
17 அக்டோபர் 1999

லைசா,

இப்போது வராதே. அவருக்கு மனசு ஆறவில்லை.

காய்ச்சலுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

யாருக்குக் கொடுத்தார் என்று கேட்கிறாய். இத்துடன் ஒரு பிஸ்கட் டப்பா அனுப்புகிறேன். உங்கள் கல்லூரிச் சாமான். தூக்கி எறியக்கூடாது என்று அவர் ஒவ்வொரு தடவையும் இடுப்புத்துணியில் முடிந்து எடுத்துவந்து என்னிடம் கொடுப்பார். வந்த நாள் எழுதி, தனித்தனித் துணியில் கட்டி வைத்தேன். நீயே பார்த்துக்கொள். எண்ணுவது உன் வேலைதானே.

விலிமைனா

சுவா
27 அக்டோபர் 1999

என் அக்காவுக்கு,

முதலில் அத்தானின் காலில் விழுகிறேன். பிறகு உன் காலில். பிறகுதான் மற்ற விசாரிப்பெல்லாம்.

டப்பா சனிக்கிழமை வந்தது. நான்கு துணி முடிச்சு. முதல் முடிச்சில் மே மாதம் நாங்கள் வந்து இறங்கிய தேதி எழுதியிருந்தாய், ஒன்பது தகடு. இரண்டாவதில் நாங்கள் கிளம்பிய தேதி, ஏழு. மூன்றாவதில் ஆகஸ்டில் வந்த தேதி, ஏழு. இருபத்து மூன்று. என் கணக்கு அப்படியே பிசகாமல் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, அக்கா. நான்காவது முடிச்சு எதற்கு என்றுதான் யோசித்தேன்.

அதில் எட்டு தகடு. ஆகஸ்டில் நாங்கள் கிளம்பிய தேதி. அந்த எட்டும் காணாமல் போனவை அல்ல. அன்று காலை நான் தொட்டு, அளந்து, உயிரோடு இருக்கிறது என்று நோட்டில் எழுதியவை. மேலே கிடந்தது பதினேழு.

காலையில் அளந்தேன். மத்தியானம் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டும் வாங்கினேன்.

நீ எழுதியதையெல்லாம் எடுத்துவைத்துத் திரும்பப் படித்தேன். எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். டின் மீன் கொண்டு வரச் சொன்னாய். விருந்தாளியிடம் இதற்குமேல் எப்படிச் சொல்வாய்? நான் படித்துப் பட்டம் வாங்கப்போகிறவள், இந்த முறையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குப் புரியவில்லை. தடைக்கு வெளியே சிப்பி அநேகமாகக் கிடையாது என்று பிப்ரவரியிலேயே எண்ணி எழுதியவளும் நான்தான். பிறகு சட்டியில் வந்தது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் யோசித்தேனா?

திங்கட்கிழமை டப்பாவைக் கொண்டுபோய்ச் சார் மேஜையில் கொட்டினேன்.

"எங்க கெடச்சுது? அந்த ஆளு வீட்லயா?"

"ஆமா சார். தேதியப் பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு துணியாகப் பார்த்தார். நாட்காட்டியை எடுத்தார்.

"இது நாம வந்த நாளு."

"ஆமா சார்."

"இது நாம கெளம்புன நாளு."

கதவுக்கு வெளியே எங்கள் படம் மாட்டியிருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தலைவரு சொல்லித்தான் எடுத்தானா?"

"மருமான் வாயத் தொறந்து சொல்லிட்டானாம், சார். தலைவர் அப்படித்தான் சொல்றாராம். மார்ச்சுலயே அக்கா எழுதினா. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

தகடுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப டப்பாவில் போட்டார். பிறகு, "எங்கம்மா சொல்லிக் கொடுக்காமயே போயிட்டா" என்றார். பிறகு அதையும் மாற்றிக்கொண்டார். "இல்ல, சொன்னா. நான்தான் கதைன்னு நெனச்சேன்." தட்டச்சு செய்து வைத்திருந்த அறிக்கையை என் எதிரிலேயே நாலாகக் கிழித்தார்.

வேலி மேயவில்லை, அக்கா. நாற்று எண்ண வந்தவர்கள் மேய்ந்துவிட்டோம்.

நவம்பர் பன்னிரண்டு எனக்கு மேடை. இழப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் "ஆய்வுக் குழு உண்டது: முப்பத்தொன்று" என்று எழுதப்போகிறேன். முதல்வர் முன்வரிசையில் இருப்பார். பட்டம் கிடைக்குமோ, கிடைக்காதோ. சார், "எழுது. எம் பேரையும் சேத்து எழுது" என்றார்.

அத்தான் என் கடிதத்தைப் படிக்கமாட்டார். நீ படித்துக் காட்டு. சத்தமாக, மாமியாருக்கும் கேட்கும்படி. நான் கேட்டது தப்பு.

லைசா

நாவத்துலோவா
5 டிசம்பர் 1999

அன்புள்ள லைசா,

கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம். நீ மேடையில் நின்றதை உங்கள் சார் சொன்னார். முதல்வர் முதலில் முகம் சிவந்து, பிறகு எழுந்து நின்றாராம். பட்டத்துக்குக் குறை வராது என்றார். சாப்பிடுகிறாயா, ஒழுங்காக?

சார் இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை, தனியாக வந்தார். கூட ஒரு பெட்டி. நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய், பாயில் சம்மணம் போட்டு, மன்னிப்புக்கு முறையாக வைக்கும் திமிங்கிலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்தித் தலையைக் குனிந்துகொண்டார். ஊரே கூடிவிட்டது. அத்தானையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வாசல் ஓரமாக உட்கார்ந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றார் உங்கள் சார். "உங்க திட்டக் காலி பண்ணினது நான். பழியத் தூக்கி இசிகேலி தலையில போட்டதும் நான்."

தலைவர் பல்லை வாங்கவில்லை.

"இசிகேலிகிட்ட கேக்கற மன்னிப்ப அவன் வாங்கிக்கட்டும்" என்றார் தலைவர். "ஆனா சிப்பிக்கு மன்னிப்பா? ஊர் மருமான் ஊர்ப் பொருளத் தின்னதுக்கு மன்னிப்புக் கேக்கற வழக்கம் எங்க அப்பன் பாட்டன் காலத்துல இல்ல. உன் பொருள நீ சாப்பிட்ட. நாளைக்கும் வெப்போம், சாப்பிடு."

நீ அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பல்லை ஏந்தியபடியே உட்கார்ந்திருந்தார். எங்கள் மரியாதையிலிருந்து தப்பிக்க வழியே இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போலிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப மருமானா ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்தத் திட்டுல மிச்சம் இருக்கிற முப்பத்து மூணு சிப்பியும் எனக்கு வேணும்."

ஒருத்தி "ஐயோ" என்றே சொல்லிவிட்டாள். தலைவர் கண் கலங்கிவிட்டது, ஆனாலும், "உன்னுதுதான்" என்றார்.

"என்னுதுன்னா, யாரும் தொடக்கூடாது. எனக்காகவும் தொடக்கூடாது. இருக்கிற எடத்துலயே இருக்கணும், குட்டி போடணும். அந்தக் குட்டியும் என்னுது. காவலுக்கு இசிகேலி வேணும், வேற யாரும் வேணாம்."

என் மாமியார்தான் கேட்டாள், அவளுக்கு யாரிடமும் பயம் கிடையாது. "அப்ப உங்க கூட்டத்துக்கு நாங்க என்னத்தப்பா ஆக்கிப் போடறது?"

"டின் மீன், அத்தை" என்றார். "எனக்கு டின் மீன்தான் உயிர்."

பொய் சொல்கிறார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் மருமான் வாயைத் திறந்து சொல்லிவிட்டானே! தலைவர் சிரிக்க ஆரம்பித்தார், ஊரே சிரித்தது, அந்தச் சிரிப்பிலேயே திமிங்கிலப் பல்லையும் வாங்கி அத்தான் மடியில் வைத்தார். அத்தான் அதைத் தொட்டுக் கும்பிட்டு, தலைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதுதான் அவர் மன்னித்த விதம்.

பெட்டியில் இருந்தது அத்தனையும் டின் மீன். வெங்காயம் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி ஆக்கினேன். உங்கள் சார் மூன்று தட்டுச் சாப்பிட்டார், மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் என்றார். பக்கத்தில் அத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார், லைசா. உங்கள் ஆட்களோடு முதல் தடவையாக உட்கார்ந்து, நிதானமாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.

நீ கேட்ட கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் எழுதமாட்டேன். உன்னை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன், அதனால் வலி கூட. நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தப் பாதி என்னுடையது. ஜனவரியில் வா. அழுது தீர்த்துக்கொள்வோம்.

இன்று காலை அத்தான் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு திட்டுக்குப் போய் வந்தார். கீழே இருப்பது அவர் கையெழுத்து. நான் சொல்லி எழுதவில்லை.

முத்தங்களுடன்,
விலி

லைசானி, முப்பத்து மூன்று இருக்கிறது. நம்பவேண்டாம், வந்து நீயே எண்ணு. உன் பங்குக்கு இரண்டு டின் கொண்டு வா. இசிகேலி.